பிட்டுப் பார்க்காத ரொட்டி

போன வாரம் இந்த வீட்டை விட்டு நாம் கிளம்பியபோது, மாஸ்டர் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காலிஃபிளவரை முறைத்துக்கொண்டிருந்தார். காலிஃபிளவரும் சளைக்காமல் முறைத்தது. யார் முதலில் கண்ணை எடுத்தது என்று வாரம் முழுக்கக் கவலைப்பட்டவர்களுக்கு: மாஸ்டர்தான். கதவைச் சாத்திவிட்டு, அவித்த முட்டை இரண்டைத் தின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் படுக்கப் போனார்.

இப்போதுதான் உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாஸ்டர் என்பவர் இந்தத் தெருவுக்கு ரொட்டி போடுகிறவர். கீழே முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்பு, மாடியில் குடும்பம். அவர் மனைவியைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அம்மா என்று கூப்பிடுவதால் நாமும் அப்படியே கூப்பிடுவோம். ஒரே மகள்; கேக்குகளுக்கு ஐசிங் போடுவதும் கல்லாவில் உட்காருவதும் அவள் வேலை. அவள் கணவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். ஊரையே தூங்க வைக்கும் தொழிலில் இருந்துகொண்டு, சொந்த வீட்டில் ஒருவரையும் நிம்மதியாகத் தூங்க விடாதவர்.

மாமனாரை 'மாவில்லா வாழ்வு' குழுவில் சேர்த்துவிட்டது இந்த மாப்பிள்ளைதான்.

குழுவின் விதி எளிது. அரிசி கூடாது. கோதுமை கூடாது. கிழங்கு கூடாது. சர்க்கரையை நினைக்கவே கூடாது. பழம் வேண்டுமென்றால் குழுத் தலைவரான கோச்சிடம் கேட்க வேண்டும். கேட்டால் கூடாது என்பார். மாவுச்சத்து நாளொன்றுக்கு இருபது கிராமைத் தாண்டக் கூடாது. மற்றபடி வெண்ணெயை அள்ளித் தின்னலாம். ஆயிரம் வருடமாக மனிதன் ரொட்டிமேல் வெண்ணெய் தடவியது தவறாம். ரொட்டியை எடுத்துவிட்டு வெண்ணெயை மட்டும் வைத்திருக்க வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் பதில் காலிஃபிளவர். துருவினால் சோறு, அரைத்தால் மாவு, தட்டினால் ரொட்டி. காலிஃபிளவராக மட்டும் அதை யாரும் தின்பதில்லை.

ஒரு ரொட்டிக்காரர் இதில் எப்படிச் சேர்ந்தார்? தொழில் என்ன என்று கோச் கேட்டபோது, 'கட்டுமானப் பொருள்' என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். மூட்டை மூட்டையாகப் பொடி வருகிறது. தண்ணீர் விட்டுக் குழைக்கிறார். அச்சில் போட்டு இறுகியதும் எடுக்கிறார். சுத்தப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

அவர் ஏன் சேர்ந்தார் என்பது வேறு கதை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. இந்தக் கடை அவருடைய அண்ணன் தொடங்கியது. அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கீழே அடுப்புக்குப் பக்கத்து அறையில்தான் இருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் அடுப்புக்கு முன்னால் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. மாஸ்டர் அப்போது ரொட்டி கொடுக்க வெளியே போயிருந்தார். மகள் கல்லூரி விடுதியில். அம்மா, உடம்புக்கு முடியாத தன் அக்காவைப் பார்க்க வெளியூர் போயிருந்தாள்; சேதி கேட்டு மறுநாள்தான் வந்தாள். மாரடைப்பு என்று ஊர் சொன்னது. மாஸ்டர் மட்டும் மனதுக்குள் வேறொரு பதிலை வைத்திருந்தார்: வாழ்நாள் முழுக்கத் தினமும் ரொட்டி தின்ற மனிதர்.

இந்த வருடம் மாஸ்டருக்கு அண்ணன் போன வயது.

* * *

அன்றைக்கு மாவு பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், விடிந்தும் விடியாததுமாக, குடும்பம் மேஜையில் உட்கார்ந்தது. நான்கு தட்டுகள். மூன்றில் முட்டையும் காலிஃபிளவரும். நான்காவது தட்டு மகளுடையது. அதில் நேற்றைய ரொட்டி இரண்டு துண்டு. திருட்டுச் சாமானைத் தின்கிறவளைப் போல அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, என் தட்டக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க. நிழல் விழுது," என்று மாப்பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்தார். வாயில் வைப்பதற்கு முன் தட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும்.

"ஆறிப் போவுது மாப்ள."

"ஆறினாப் பரவால்ல. மஞ்சக்கரு மேல வெளிச்சம் படணும். போன தடவ மங்கலா இருக்குன்னு கோச் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு."

அடுத்து மாஸ்டரின் தட்டு. பின்னால் தெரிந்த ரொட்டிப் பெட்டிகளை மாப்பிள்ளை ஒரு துண்டால் மூடினார். கட்டுமானப் பொருள் வியாபாரி வீட்டில் அவ்வளவு ரொட்டி இருக்கக் கூடாதல்லவா.

அம்மாவும் அதையேதான் தின்றாள். அவளுக்கு எடை ஒரு பிரச்சினையே இல்லை. அவர் வாயைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் எப்படித் தின்பது என்று சேர்ந்துகொண்டவள். கோச் அவளைக் குழுவில் 'துணைவியார்' என்று குறிப்பிட்டார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார். உடம்பு குறைந்தது உண்மைதான். ஆனால் அதோடு சேர்ந்து வேறு ஏதோவும் குறைந்த மாதிரி இருந்தது.

"முகம் ஏம்ப்பா இப்படி வெளுத்திருக்கு?"

"மாவும்மா." மாஸ்டர் கன்னத்தைத் துடைத்தார். கன்னத்தில் மாவு இல்லை.

"சட்டைப் பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க."

"காத்து வரட்டும்னு."

"இப்படிச் சாப்பிடறத டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லாம?"

"என்ன சொன்னாங்க?"

"பேஷா செய்யுங்கன்னாங்க."

சொல்லிக்கொண்டே சர்க்கரை நோய் மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். பல வருடமாகத் தினமும் காலையில் போடுகிற மாத்திரை. முழு மாத்திரை.

அம்மா ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை, "அத்தை, அசையாதீங்க, உங்களுதையும் எடுத்துடறேன்," என்றார். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

* * *

இந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. அண்ணன் வைத்த பழக்கம். அடுப்பிலிருந்து தட்டு வெளியே வந்ததும், போட்டவர் முதல் ரொட்டியைச் சூட்டோடு இரண்டாகப் பிட்டு, ஒரு வாய் தின்ன வேண்டும். வெண்ணெய், ஜாம் எதுவும் கூடாது. வெறும் ரொட்டி. அவர் தலையை ஆட்டிய பிறகுதான் மற்றவை அச்சைவிட்டு இறங்கும். காய்ச்சல் வந்து படுத்த நாளில்கூட மாஸ்டரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து ஒரு வாய் தின்ன வைத்துவிட்டுத்தான் கடையைத் திறப்பார்கள்.

குழுவில் சேர்ந்ததிலிருந்து மாஸ்டர் பிட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டார். பிடுவார், மோந்து பார்ப்பார், மகளிடம் நீட்டுவார். மோப்பத்துக்கு எத்தனை கிராம் என்று கோச்சிடம் கேட்டதாகவும், அது கணக்கில் வராது என்று பதில் வந்ததாகவும் கேள்வி.

அன்றைக்கு மகள் ஒரு பிறந்தநாள் கேக்கைக் கொடுக்க வெளியே போயிருந்தாள். தட்டு வெளியே வந்தது. மாஸ்டர் முதல் ரொட்டியைப் பிட்டார், மோந்து பார்த்தார், மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"மாமா, எனக்கா?" மாப்பிள்ளை ஒரு அடி பின்வாங்கினார். "நான் எப்படி மாமா? அத்தைகிட்ட குடுங்க."

அம்மா பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, "நீங்கதான மோந்து பாத்தீங்க, போதாதா?" என்றாள்.

போதும் என்று எல்லோருக்கும் தோன்றியது. இப்படியாக, ஒரு பேக்கரியில் ரொட்டி தின்ன ஆள் இல்லாமல் போனது. பிட்ட ரொட்டி மேஜைமேல் கிடந்தது. மற்றவை பெட்டியில் ஏறி, பாதி மாணவர் விடுதிக்கும் மீதி கடைக்குமாகப் போய்ச் சேர்ந்தன. மாப்பிள்ளை மெத்தை விற்கக் கிளம்பினார்.

* * *

மகள் திரும்பி வந்து அடுத்த கேக்குக்கு ரோஜாப்பூ வைத்துக்கொண்டிருந்தபோது விடுதிச் சமையல்காரர் போன் செய்தார். அவர் கோபக்காரர் அல்ல. அதனால்தான் பயமாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். உங்க வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லயே அண்ணே. ஏன்?"

"ரொட்டில உப்பில்ல. கொறச்சலாப் போட்டதுன்னு நெனைக்காதீங்க. இல்லவே இல்ல. பசங்க மெல்ல ஆரம்பிச்சு பாதியிலயே நிப்பாட்டிட்டு ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்குறானுங்க. இத்தன வருஷத்துல மாஸ்டர் கையில இப்படி வந்ததில்ல. அதான் கேட்டேன்."

ஐசிங் பையை ஒரு கையில் பிடித்தபடியே அவள் கடை அலமாரியிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தாள். வாயில் ஒன்றுமே நடக்கவில்லை. மாப்பிள்ளை விற்கிற மெத்தையைக் கடித்தாலும் இப்படித்தான் இருக்கும்.

உப்பில்லாத மாவு கையில் பிசுபிசுவென்று ஒட்டும். நேரத்துக்கு முன்னால் பொங்கி அச்சை மீறும். வெந்தாலும் மேல் தோல் சிவக்காது. கண்ணைக் கட்டிவிட்டாலும் அப்பா இதைக் கண்டுபிடித்துவிடுவார். காலையில் அவர் கை அதைச் சொல்லியிருக்கும். கேட்டுக்கொள்ளத்தான் அவர் அங்கே இல்லை.

ஐசிங் பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்பக்கம் ஓடினாள்.

மாஸ்டர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். எதிரே தொட்டியில் அடுத்த மாவு. கையில் உப்புக் கரண்டி. நெற்றி, கழுத்து, சட்டை எல்லாம் நனைந்திருந்தது. அடுப்புச் சூட்டு வேர்வை அவளுக்குத் தெரியும். இது வேறு. தொட்டால் ஜில்லென்றிருந்தது.

"அப்பா, காலையில உப்பு போட்டீங்களா?"

"யாரு?"

"நீங்கதான்."

"நான் உப்பு போடலன்னு சொல்றியா?" குரல் திடீரென்று ஏறியது. மகளிடம் அவர் அப்படிப் பேசுகிறவர் அல்ல. "எனக்கு நீ சொல்லிக் குடுக்க வந்துட்டியா? நான் மாவுல கை வெச்சப்ப நீ பொறக்கவே இல்ல."

"சரிப்பா. இத ஒரு வாய் தின்னு பாருங்க."

"வேணாம். அதுல இருக்கு."

"என்ன இருக்கு?"

"இருபது," என்றார் மாஸ்டர்.

கரண்டி நடுங்கி உப்பு தரையில் கொட்டியது. அவர் அதைப் பார்க்கவில்லை. மகளையும் தாண்டி, அடுப்பு இருந்த பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"அண்ணே," என்று சாவதானமாகச் சொன்னார். "அந்தத் தட்டக் கொஞ்சம் திருப்பி வையேன். ஒரு பக்கம் கருகுது."

மாத்திரை எழுதிக் கொடுத்த நாளிலேயே டாக்டரம்மா தன்னிடம் சொன்னது மகளுக்கு ஞாபகம் வந்தது: கை நடுங்கி, வேர்த்துக்கொட்டி, பேச்சு ஒரு மாதிரி ஆனால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். யோசிக்காமல் இனிப்பாக ஏதாவது கொடுங்கள்.

சுற்றிலும் பார்த்தாள். சர்க்கரை மூட்டையில் இருந்தது. டின்னில் பாகாக இருந்தது. கேக்மேல் தூவுகிற பொடியாக டப்பாவில் இருந்தது. தெருவிலேயே சர்க்கரை அதிகமாக இருக்கிற அறையில், உடம்பில் சர்க்கரை இல்லாமல் ஒரு மனிதர் சரிந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஓடி வா. சக்கரைத் தண்ணி கரைச்சுக் கொண்டா," என்று மாடிக்குக் கேட்கிற மாதிரி கத்திவிட்டு, அவர் தாடையைப் பிடித்தாள். "அப்பா, வாயத் திறங்க."

மாஸ்டர் உதட்டை இறுக்கிக்கொண்டார். அண்ணனை அடையாளம் தெரிந்த அளவுக்குக்கூட மகளை அடையாளம் தெரியவில்லை. ஆனால் சர்க்கரை கூடாது என்பது மட்டும் தெரிந்தது. கோச் நன்றாகத்தான் பாடம் நடத்தியிருந்தார்.

"கோச்சு..." என்றார்.

"கோச்சுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். திறங்க."

தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். அவள் ஐசிங் பையின் மூக்கை அவர் உதட்டோரத்தில் நுழைத்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே கொஞ்சமாக அழுத்தினாள். ரோஸ் நிற ஐசிங். கொஞ்சம் உள்ளே போனது. கொஞ்சம் மீசையில் நின்றது. அவர் விழுங்கும்வரை காத்திருந்தாள். விழுங்கினார். மறுபடி அழுத்தினாள். கேக்குக்கு ரோஜாப்பூ வைக்கிற அதே விரல், அதே அழுத்தம். அம்மா டம்ளரோடு வந்து, ஒன்றும் கேட்காமல், மண்டியிட்டு, மடக்கு மடக்காகப் புகட்டினாள்.

அடுப்பு மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

பிறகு மாஸ்டர் நாக்கால் மீசையைத் துழாவினார். கண் ஒரு இடத்தில் நின்றது. மகள்மேல்.

"என்னம்மா இது?"

"ரோஜாப்பூ."

மாஸ்டர் யோசித்தார்.

"இனிப்பு ஜாஸ்தி," என்றார். "வெண்ணெய் இன்னும் கொஞ்சம் போடணும்."

அப்போதுதான் மகள் அழுதாள்.

* * *

கிளினிக்கில் டாக்டரம்மா மாஸ்டரின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். இவ்வளவு இனிப்பு போன பிறகும் அது இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழேதான் இருந்தது. மாஸ்டரின் மீசையில் ஒட்டியிருந்த ரோஸ் நிறத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

"என்ன சாப்பிடறீங்க?"

மாஸ்டர் சொன்னார்.

"மாத்திரை?"

"அது வழக்கம் போல முழுசாப் போடறேன் டாக்டர். ஒரு நாள்கூட விட்டதில்ல," என்று நல்ல மாணவனைப் போலச் சொன்னார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தச் சாப்பாடு தப்புன்னு நான் சொல்லல. சிலருக்கு ஒத்து வருது, சக்கரையும் நல்லாக் குறையுது. சிலர் இளைச்சுட்டு மறுபடியும் ஏறிக்கிட்டு வர்றாங்க. அது வேற பேச்சு. சாப்பாட்ட இப்படிக் குறைச்சா மாத்திரையையும் பாத்துக் குறைக்கணும். உள்ள சக்கரையே இல்ல. மாத்திரை பாட்டுக்கு இறக்கிக்கிட்டே இருக்கு. இன்னிக்கு உங்க பொண்ணு இல்லன்னா என்ன ஆயிருக்கும்?"

மாஸ்டர் மீசையைத் துடைத்துக்கொண்டார்; டாக்டரம்மா விடவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டேன்னுதான சொன்னாரு," என்றாள் அம்மா. "பேஷா செய்யுங்கன்னு நீங்க சொன்னதா."

"என்னைப் பாக்கவே இவர் மாசக்கணக்கா வரல."

மாஸ்டர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை மிகவும் ஆர்வமாகப் பார்த்தார்.

மாப்பிள்ளை கடைச் சீருடையோடு, கழுத்தில் டை திருகிக்கொண்டு ஓடி வந்தார். வராந்தா பெஞ்சில் மாமனார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் கொண்டுவருகிற தொல்லையைத் திருப்பி அனுப்பத்தான் யாருக்கும் தெரிவதில்லை.

"மாத்திர விஷயம் உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் மகள். குரல் உயரவில்லை.

"தெரியும். டாக்டர்கிட்ட நீ கேட்டிருப்பன்னு நெனச்சேன்."

"நான், அம்மா கூடப் போயிருப்பான்னு நெனச்சேன்."

இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"நான் என்னத்தக் கண்டேன்," என்றாள் அம்மா. "மாப்ள எல்லாம் விசாரிச்சுத்தான் சேத்திருப்பாருன்னு இருந்தேன்."

அந்த நேரம் பார்த்து மாஸ்டரின் பையில் போன் கிணுகிணுத்தது. நிற்கவில்லை, கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. மகள் எடுத்துப் பார்த்தாள். 'இந்த வார வெற்றியாளர்: நம் கட்டுமானப் பொருள் அண்ணன். சிமென்ட் தூசியிலும் மன உறுதி குலையாதவர். அனைவரும் கைதட்டுங்கள்.' கீழே வரிசை வரிசையாகக் கைகள் தட்டிக்கொண்டிருந்தன.

அம்மா போனை வாங்கி, தூரமாக வைத்துப் படித்தாள்.

"இதுலருந்து எப்படி வெளிய வர்றது?"

எங்கே அழுத்த வேண்டும் என்று மாப்பிள்ளை காட்டினார். அம்மா அழுத்தினாள். கைதட்டல் நின்றது.

"அத்தை, நான் நல்லதுக்குதான் சொன்னேன்," என்றார் மாப்பிள்ளை. பிறகு, கேட்காமலே, தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கே முடியல. மெத்தக் கடைக்குப் பின்னாடி தெருவுல ஒரு பேக்கரி இருக்குல்ல. தினமும் மத்தியானம் அங்க போயி ஒரு பன்னு சாப்பிட்டுருவேன்."

மாஸ்டர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"பன்னு தின்னது பரவால்ல மாப்ள," என்றாள் அம்மா. "அந்தக் கடையிலயா?"

"அவன் முட்ட சேக்கறதே இல்ல," என்றார் மாஸ்டர், இத்தனைக்கும் நடுவில்.

* * *

விடுதிக்கு இரவுச் சாப்பாட்டுக்குள் வேறு ரொட்டி அனுப்புவதாக மகள் சொல்லியிருந்தாள். வீடு திரும்பியதும் அவளே மாவு பிசைந்தாள். உப்பை அவள் கையாலேயே போட்டாள்; போட்டதும், "போட்டாச்சு," என்று வாய்விட்டுச் சொன்னாள். மாப்பிள்ளை டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தட்டுகளைத் தூக்கினார். இரண்டு தடவை சுட்டுக்கொண்டார். யாரும் பரிதாபப்படவில்லை.

மாஸ்டர் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்தார். மாத்திரையை டாக்டரம்மா மாற்றிக் கொடுத்திருந்தார். வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். ரொட்டி அளவோடு தின்னலாம். இளைக்க வேண்டுமென்றால் அவரிடம் வந்து கேட்டு இளைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தார்.

தட்டு வெளியே வந்தது. மேல் தோல் ஒழுங்காகச் சிவந்திருந்தது. மகள் முதல் ரொட்டியைத் துணியில் வைத்து எடுத்து வந்து நீட்டினாள்.

"நீங்க பாத்தாத்தான் அனுப்புவேன்."

மாஸ்டர் வாங்கினார். சூடு தாங்கும் கை. பிட்டார். ஆவி எழுந்தது. மூக்கருகே கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது.

"அப்பா."

"நீயே தின்னு பாரும்மா. நான்தான் பாக்கறேனே."

"டாக்டரம்மா தின்னலாம்னு சொன்னாங்கல்ல?"

"அவங்க படிச்சவங்க, சொல்லுவாங்க." ரொட்டியைத் துணியோடு மடியில் வைத்தார். குரல் தணிந்துபோயிருந்தது. "இதத் தின்னுதான் எங்கண்ணன் போனான். இதே எடத்துல. எனக்கும் அதே வயசு. காலையில அவனப் பாத்தேன்மா. அடுப்புகிட்ட நின்னான். என்னக் கூப்பிடத்தான் வந்திருக்கான்."

மாப்பிள்ளை தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். இந்தக் கையிலிருந்து இனி ரொட்டி வாய்க்குப் போகாது என்று மகளுக்குத் தோன்றியது. இன்று ஐசிங் பை இருந்தது. நாளைக்கு எதை வைத்துத் திறப்பது இந்த வாயை?

அம்மா மூலையில் அச்சுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவுவதை நிறுத்தவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"ரொட்டியத் தின்னு போகல உங்க அண்ணன்," என்றாள்.

"உனக்குத் தெரியாது. விடு."

"அவருக்கும் சக்கரை இருந்துச்சு. மாத்திரை போட்டாரு. போட்டுட்டு அன்னிக்கு ஒண்ணும் சாப்பிடல. அடுத்த தட்டு வந்ததும் அதுல மொத ரொட்டியக் கையில எடுத்தாரு, பிட்டாரு, உங்கள மாதிரியே மடியில வெச்சுக்கிட்டாரு. வேர்த்துக் கொட்டுச்சு. யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. கொஞ்ச நேரத்துல சாஞ்சுட்டாரு." எண்ணெய்த் துணி அச்சுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. "அந்த நேரத்துல ஒரு கை சக்கரைய வாயில போட்டிருக்கணும்னு இன்னிக்குக் காலையிலதான் எனக்குத் தெரிஞ்சுது."



மாஸ்டர் மனைவியையே பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். காலையில் கலங்கியிருந்த கண் இப்போது நன்றாகத் தெளிந்திருந்தது.

"நீ அன்னிக்கு உங்க அக்கா வீட்லதான இருந்த?"

அம்மா அச்சைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவர் மடியிலிருந்த ரொட்டியில் ஒரு துண்டைக் கிள்ளி, அவர் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"மொதல்ல இதத் தின்னுங்க," என்றாள். "வெறும் வயித்துல கேக்கற விஷயம் இல்ல அது."

மாஸ்டர் வாயைத் திறந்தார். மென்றார். விழுங்கினார். உப்பு சரியாக இருக்கிறதா என்று மகள் கண்ணாலேயே கேட்டாள். அவர் தலையை ஆட்டவில்லை. அவர் மனைவியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"தின்னாச்சு," என்றார். "சொல்லு."